இதரர்!

(ஏற்காடு அடிவாரத்தில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் பெரியவர் என்னை உங்களுக்கு அறிமுகம் செய்தபோது, "பேச்சாளர், நாடக ஆசிரியர்" என்று இரண்டு பட்டங்களைச் சூட்டினார். அன்புக்கு நன்றி. ஆனால் மூன்றாவது பட்டம் ஒன்றும் எனக்கு உண்டு. அதை அவர் அறியார். எனக்கே அண்மையில்தான் தெரியவந்தது. வழங்கியது பல்கலைக்கழகமல்ல. பல்கலைக்கழகத்துக்கும் எனக்கும் இருந்த உறவு, படிப்பைப் பாதியிலே விட்டு நான் படியிறங்கிய அன்றே முறிந்துபோயிற்று. வழங்கியது இந்திய அரசு! பட்டம் என்ன தெரியுமா? 'இதரன்!'

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்தபின் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் முகத்தை ஒருமுறை பாருங்கள். அவரும் இதரர். அதோ பெஞ்சின் ஓரத்தில் குழந்தையை மடியில் கிடத்தி அமர்ந்திருக்கிறாரே அந்தத் தாய், அவரும் இதரர். மலையிலே காப்பிப் பழம் பறித்தவர், குழியிலே வெள்ளைக்கல் உடைத்தவர், வளைவிலே வண்டி ஓட்டியவர், அத்தனை பேரும் இதரர்!

நாடகக்காரன் கற்பனை செய்கிறான் என்று கருதிவிடாதீர்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, உழைக்கும் மக்களை நான்கு பெட்டிகளிலே போட்டு மூடியது. சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிரிடுவோர் முதற்பெட்டி. பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்போர் இரண்டாம் பெட்டி. வீட்டிலிருந்தபடியே குடும்பத் தொழில் செய்வோர் மூன்றாம் பெட்டி. இந்த மூன்றிலும் அடங்காத மக்களையெல்லாம் அள்ளி நான்காவதிலே கொட்டினார்கள். அதற்குப் பெயர் 'இதர வேலை செய்வோர்'. அந்த நான்காம் பெட்டியில் யார் யார் என்று விளக்கமும் எழுதியிருக்கிறார்கள். அரசு ஊழியர், நகராட்சி ஊழியர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளர், தோட்டத் தொழிலாளர், வணிகத்தில் இருப்போர், வங்கியில் இருப்போர், போக்குவரத்தில் இருப்போர், சுரங்கத்தில் இருப்போர், கட்டட வேலை செய்வோர், அரசியல் பணி புரிவோர், பூசாரிகள், கலைஞர்கள்! மாவட்ட ஆட்சித் தலைவரும் அங்கே. அவர் அருந்தும் காப்பிக்குப் பழம் பறித்தவளும் அங்கே. மேடையிலே முழங்கும் நானும் அங்கே. கோவிலிலே மணியடிக்கும் பூசாரியும் அங்கே. எங்கள் இருவரையும் ஒரே பெட்டியில் அடைக்க முடிந்தது கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு மட்டுந்தான்!

அடிவாரத்து மக்களின் தொழில் பற்றிப் பேச வேண்டும் என்று உங்கள் கிளைச் செயலாளர் மடல் விடுத்தார். நூல் நிலையம் சென்றேன். தடித்த ஏடுகளைப் புரட்டினேன். இந்தப் பகுதி மக்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று தேடினேன். கிடைத்தவை நான்கு எண்கள். நான்கிலே மூன்று சிறியவை, நான்காவது கொழுத்தது. எதைப் பற்றியும் எதுவும் கூறாத எண்! ஏட்டை மூடினேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டு இங்கு வந்து சேர்ந்தேன்.

விடியற்காலை. அஸ்தம்பட்டி தாண்டி, கோரிமேடு தாண்டி வந்தால், சாலைக்கு எதிரே சேர்வராயன் மலை சுவரெழுப்பி நிற்கிறது. அந்தச் சுவரிலே 20 கொண்டை ஊசி வளைவுகள். மோட்டார் வராத காலத்தில் துரைமார்கள் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். குதிரைக்குக் கால் நான்கு. டோலிக்குக் கால்கள் அடிவாரத்து மக்களின் கால்கள்! இன்று உல்லாசப் பயணிகள் ஏறுகிறார்கள். வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்கு வாழைப்பழம் வீசுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், புறப்படுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாத கூட்டம் ஒன்று, அந்த அரையிருளில், தேநீர்க் கடை விளக்கைச் சுற்றி நின்றது. கையிலே தூக்குப்போசி. தோளிலே மடித்த பழந்துணி. அதுவே மழைக்கு முக்காடு, சுமைக்குச் சும்மாடு. பெரும்பாலோர் பெண்கள்.

அவர்களிலே மூத்தவர் ஒருவரை அணுகினேன். பணிவாகத்தான் கேட்டேன்.

"அம்மா, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த மாசத்துல கேக்கற, கண்ணு?" என்றார்.

தோழர்களே, கல்லூரியிலே எனக்குப் பொருளாதாரம் கற்பித்த பேராசிரியர் எவரும் இப்படி ஒரு கேள்வியை எழுப்பியதில்லை. எழுப்பியிருந்தால் ஒருவேளை நான் படிப்பை முடித்திருப்பேன்!

கார்த்திகை பிறந்தால் காப்பிப் பழம்; தை முடியும் வரை அதுதான். மாசியில் களத்திலே காய வைப்பதும் அள்ளுவதும். பங்குனி, சித்திரையில் சூளைக்குச் செங்கல் சுமப்பார். மழைக்கு முன்னே தோட்டத்துக்குக் குழி வெட்ட ஆள் கூப்பிட்டால் மறுபடி மலை ஏறுவார். ஆடி, ஆவணியில் கொல்லைகளில் களை. ஐப்பசி மழையில் பாதை சரிந்து மண் விழுந்தால் அள்ளுவதற்குப் போவார். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டி இந்த மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றபோது, "எங்களுக்கு மேலேயும் போக்கில்ல, கீழேயும் கூலியில்ல" என்றார். இவையெல்லாம் போக, வயது குறைவாயிருந்தபோது பல ஆண்டுகள் வெள்ளைக்கல் குழியிலே இருந்தாராம்.

ஓர் ஆள். ஓர் ஆண்டு. ஐந்தாறு தொழில். எந்தப் பெட்டியிலே போடுவது?

ஏட்டில் இதற்கும் விதி இருக்கிறது. ஆண்டிலே ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தால் 'முதன்மைத் தொழிலாளர்'. ஆறு மாதத்துக்குக் குறைந்தால் 'குறுந்தொழிலாளர்', அதாவது ஓரத்தில் நிற்பவர். 2011-இல் இந்த ஓரத்தையும் மூன்று மாதத்துக்கு மேல், மூன்று மாதத்துக்குக் கீழ் என்று இரண்டாகக் கிழித்தார்கள். விதியின்படி பார்த்தால், ஐந்து வேலையையும் கூட்டினால் அந்த அம்மையார் முதன்மைத் தொழிலாளர்தான், ஐயமே இல்லை. ஆனால் கூட்டுவது யார்? கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும் நேரத்தில் அம்மையார் மலைமேல் இருப்பார். வீட்டிலிருப்பவர் வாய்தான் விடை தரும். பையன் சொல்வான்: "அம்மாவா? அப்பப்போ கூலிக்குப் போகும்." அப்பப்போ! அந்த ஒரு சொல்லிலே ஆண்டு முழுவதும் ஏறி இறங்கிய 20 வளைவும் அழிந்துபோகும். "உன் மனைவி?" என்று கேட்பார்கள். "அவ வீட்டுல சும்மாதான் இருக்கா" என்பான்.

சும்மா! தமிழிலே இதைவிடக் கொடிய சொல்லை நான் கண்டதில்லை. அந்தப் பெண் காலையில் எழுந்து மாட்டைக் கறக்கிறாள், சாணம் அள்ளுகிறாள், புல் அறுக்கிறாள். வீட்டுக் குழந்தைக்காக மட்டும் பால் கறந்தாலும் அது வேலையே, கறப்பவள் தொழிலாளியே என்று 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே விதி செய்தார்கள். 2011-லும் அதுவே விதி. சட்டம் அவளைத் தொழிலாளி என்கிறது. கணவன் சும்மா இருக்கிறாள் என்கிறான். எழுதுபவர் கணவன் சொன்னதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். விறகு பொறுக்குவதும் தண்ணீர் சுமப்பதும் சோறாக்குவதும் எந்த விதியிலும் வேலையாக வரவில்லை என்பது வேறு கதை. அந்த வழக்கை இன்னொரு நாள் நடத்துவோம். விதியிலே வந்ததையே விட்டுவிட்டோமே, அதைப் பேசுகிறேன்.

பெயர் தப்பாக விழுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல, தோழர்களே. இரண்டு சான்று கூறுவேன்.

இங்கிருந்து மேற்கே, கருப்பூர்ப் பக்கமாகப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று மேடுகள். வெள்ளைக்காரன் வந்தான், வெண்மையைக் கண்டான், 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்டான். சுண்ணக்கட்டிக் குன்றாம்! பள்ளிக்கூடப் பலகையிலே எழுதும் சுண்ணக்கட்டி ஒரு துண்டுகூட அங்கே கிடையாது. இருப்பது மேக்னசைட். வெள்ளைக்காரனுக்கு முன்பே நம் மக்கள் அதைக் கண்டு வெள்ளைக்கல் என்றார்கள். ஊருக்கே வெள்ளக்கல்பட்டி என்று பெயரும் வைத்தார்கள். வெள்ளைக்கல் என்பது உண்மை. சுண்ணக்கட்டி என்பது பொய். உலகத்து நூல்களிலே நிலைத்தது எது? பொய்தான்!

அந்தக் கல்லின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள். கருநிறப் பாறைக்குள்ளே நரம்பு ஓடுவதுபோல் அது ஓடுகிறது. பெரும்பங்கு பாறையை வெட்டி அகற்றினால்தான் சிறுபங்கு வெள்ளைக்கல் கைக்கு வரும். வந்த கல்லிலும் பாறைச் சில்லு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியது போகாவிட்டால் கல்லுக்குத் தரமில்லை, தரமில்லாவிட்டால் விலையில்லை. எனவே வெயிலிலே குந்தி, சிறு சுத்தியால் தட்டித் தட்டிச் சில்லைப் பெயர்த்துக் கல்லைத் தேர்ந்தவர்கள் பெண்கள். முட்டை உடையாமல் ஓட்டை மட்டும் உரிப்பதுபோன்ற வேலை! பிறகு சூளை. சூளையிலே கல்லின் எடையில் பாதிக்குமேல் காற்றாகப் பறந்துவிடும். இரண்டு வண்டி உள்ளே போனால் ஒரு வண்டிகூட முழுதாக வெளியே வராது. ஏறத்தாழ 1,700 பாகை வெப்பத்தில் வெந்தபிறகு அது செங்கல்லாகிறது. எங்கே போகிறது அந்தச் செங்கல்? எஃகு உருக்கும் உலைக்குள்ளே சுவராகப் போகிறது. எஃகு உருகுவதற்கு 1,500 பாகை அளவு வெப்பம் வேண்டும். உருகும் எஃகு உலையையே உருக்கிவிடாமல் தடுத்து நிற்பது 2,800 பாகை வரை உருகாத இந்த வெள்ளைக்கல்லின் சாரம்.

இந்த மாவட்டத்துக்கு இரும்பாலை வேண்டும் என்று 1967-இல் தமிழகமே எழுச்சி நாள் நடத்தியது. 1970-இல் அடிக்கல், 1982-இல் உற்பத்தி. அந்த முழக்கத்தில் தொண்டை கட்டிய தோழர்கள் சிலர் முதியவர்களாக இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனால் அன்றைக்கே, அதற்கு முன்னும் பல பத்தாண்டுகளாகவே, நாட்டின் எஃகு உலைகளுக்கு உள்சுவர் இந்தக் குன்றுகளிலிருந்து போய்க்கொண்டிருந்தது. இரும்பாலைக்கு முழக்கம் எழுப்பிய நாம், இரும்பைத் தாங்கிய கைக்கு எத்தனை முழக்கம் எழுப்பினோம்? மேக்னசைட் எடுப்பதற்கென்றே 1979-இல் தமிழ்நாடு அரசு ஒரு நிறுவனம் கண்டது, நல்ல செயல். ஆனாலும் உரிமத்தின் பேராலும் சுற்றுச்சூழல் அனுமதியின் பேராலும் குழிகள் மூடிக் கிடந்த காலங்களும் வந்தன. குழி மூடினால் நிறுவனத்துக்கு இழப்புக் கணக்கு எழுதப்படும். சுத்தி பிடித்த பெண்ணுக்கு? அவள்தான் எந்தக் கணக்கிலும் பெயரில்லாதவளாயிற்றே! அவள் சூளைக்குச் செங்கல் சுமக்கப் போனாள், காப்பிக்குப் போனாள்.

மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையின் மேல் ஒருகாலத்தில் பாக்சைட் வெட்டினார்கள். லாரி லாரியாக அடிவாரம் வழியே போயிற்று. அதிலும் இதே கதைதான். மீண்டும் சொல்லப் போவதில்லை.

இரண்டாவது சான்று, மலைமேல் வாழும் மக்கள். 'மலையாளிகள்' என்று அவர்களுக்குப் பெயர். கேட்டவுடன் கேரளம் நினைவுக்கு வரும். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. மலையிலே வாழ்வோர், மலையை ஆண்டோர், ஆகவே மலையாளி, பேசுவது தமிழ், காஞ்சிப் பக்கமிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று வழிவழியாகக் கதை கூறுகிறார்கள். பழங்குடி மக்கள், ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. அப்படியிருந்தும் அவர்களிலே ஓர் இளைஞர் என்னிடம் கூறினார்: நகரத்திலே வேலை தேடிப் போன இடத்தில், "உனக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்களாம்! அவர் சிரித்துக்கொண்டே கூறினார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சுண்ணமில்லாத இடத்துக்குச் சுண்ணக்குன்று என்று பெயர். தமிழ் பேசும் பழங்குடியிடம் மலையாளம் தெரியுமா என்று கேள்வி. இவற்றின் வரிசையிலே வந்து நிற்கிறது, காப்பித் தோட்டத்துத் தொழிலாளிக்கு இதரர் என்ற பெயர்.

காப்பியைப் பற்றிச் சொல்லாமல் இந்த மலையைப் பற்றிப் பேச முடியுமா? 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பியை நட்டார் என்று வரலாறு கூறுகிறது. நட்டாரா? மேசைமுன் அமர்ந்து வரிக்கணக்குப் பார்த்த கையா குழி தோண்டியிருக்கும்? நடச் சொன்னார் என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்! அன்றுமுதல் இன்றுவரை வேலை அதே வேலை. மாசி, பங்குனியில் பூ மழை பெய்தால் தோட்டம் வெண்மையாகப் பூக்கும். பூத்த பூ பழமாக ஏறக்குறைய ஒன்பது மாதம். தாய் சுமக்கும் காலம்! எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவப்பதில்லை. சிவந்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும்; காயைத் தொட்டால் மேஸ்திரி வைவார்; பழுத்ததை விட்டால் உதிர்ந்துவிடும். ஒரே செடிக்கு நான்கைந்து முறை திரும்பி வர வேண்டும். ஏறத்தாழ ஆறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ கொட்டை. நிழல் மரத்திலே மிளகுக் கொடி படர்ந்திருக்கும். அதைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஆண்கள் ஏறுவார்கள். கவாத்துக் கத்தி தனி; களைக்கொத்து தனி. இதையெல்லாம் அறிந்தவர் தொழில் தெரியாதவரா? 'தேர்ச்சி பெறாத உழைப்பு' என்று ஏடுகளில் எழுதுகிறார்களே, எழுதியவரை ஒரு நாள், ஒரே நாள், பழம் பறிக்க விட வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

இந்த உழைப்பு கடல் கடந்தும் போயிற்று. சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து நம்மவர்கள் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு இலங்கைக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டத்துக்கு. 1869-இல் அங்கே காப்பி இலையைத் துருநோய் பிடித்தது. காப்பி அழிந்து தேயிலை வந்தது. போனவர்கள் அங்கேயே நின்றார்கள். அங்கே தொழிலாளியின் பெயரைக் கவனமாக எழுதினார்கள், தோழர்களே! எதிலே? 'துண்டு' என்ற சீட்டிலே. இந்த ஆள் இவ்வளவு கடன். கடனைத் தீர்ப்பவர் இவரை அழைத்துக்கொள்ளலாம் என்ற சீட்டு. 1921-இல் சட்டமியற்றி அதை ஒழிக்கும் வரை தொழிலாளிக்கு அதுதான் விலாசம். கடன் என்றால் பெயர் உண்டு. உரிமை என்று வந்தபோது? 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் அமர்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம்! பத்தாண்டுகள் கழித்து, 1974-இல், அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தப் பத்தாண்டும் அவர்கள் யார்? இந்தப் பெட்டியுமில்லை, அந்தப் பெட்டியுமில்லை. இதரர்!

"பெயர் எதுவாயிருந்தால் என்ன, கூலி வந்தால் போதாதா?" என்று கேட்பவர் இருக்கலாம். கேட்கட்டும். விடை சொல்கிறேன்.

1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம், குடிநீர், குழந்தைகளுக்குப் பள்ளி என்று நல்ல பல செய்தது. ஆனால் எங்கே செல்லும் அந்தச் சட்டம்? முதலில் 25 ஏக்கரும் 30 ஆளும் இருந்தால் செல்லும். 1981-இல் திருத்தினார்கள், 5 ஹெக்டேரும் 15 ஆளும் இருந்தால் செல்லும் என்றார்கள். 14 பேர் என்று பதிவேடு சொன்னால் சட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது. 50 பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் அதிலே இருந்த ஒரு விதி. 49 பெண்கள் என்றால்? தொட்டில் இல்லை! ஐம்பதாவது பெண்ணின் பெயர் பதிவேட்டில் ஏறுகிறதா, 'அப்பப்போ வருகிறவள்' என்று வெளியே நிற்கிறதா என்பதைப் பொறுத்து, 49 தாய்மார்களின் குழந்தைகள் நிழலிலே தூங்குவதும் வரப்பிலே கிடப்பதும் அன்று முடிவாயிற்று. அந்தச் சட்டத்தையும் வேறு பல சட்டங்களையும் ஒன்றாகச் சுருட்டிப் புதிய தொகுப்பு ஒன்றை 2020-இல் இயற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சட்டத்தின் பெயர் மாறியது. ஆளை எண்ணிப் பார்த்து உரிமை கொடுக்கும் முறை மாறவில்லை. எண்ணிக்கையில் வந்தவளுக்குத்தான் தொட்டில்.

பழைய கணக்கெடுப்புகள் இவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1961-இல் நான்கல்ல, ஒன்பது பெட்டிகள் வைத்தார்கள். அவற்றிலே மூன்றாவது பெட்டி சுரங்கம், கல்லுடைத்தல், கால்நடை, காடு, மீன்பிடித்தல், தோட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும். ஆட்டையும் மாட்டையும் மீனையும் சேர்த்துத்தான் அடைத்தார்கள்; ஆனாலும் வெள்ளைக்கல் குழிக்கும் காப்பித் தோட்டத்துக்கும் காட்டு வேலைக்கும் சேர்த்து ஓர் இடம் இருந்தது. அடிவாரத்து மக்களுக்கென்றே செய்த பெட்டி போல! அந்த எண்ணைப் பார்த்தால் ஊரின் முகம் கொஞ்சம் தெரியும். 2001-இலும் 2011-இலும் வெளியிட்ட ஊர்க்கணக்கிலே நான்குதான், முகம் மறைந்தது.

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வந்த கணக்கெடுப்பு, 2021-இல் முதன்முறையாகத் தவறியது. தொற்று காரணம் என்றார்கள். 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாக வைத்துக் கணக்கெடுக்கப் போவதாக 2025 ஜூனில் அறிவிப்பு வெளியிட்டார்கள். மக்களை எண்ணும் பணி பிப்ரவரியில் என்றார்கள். பிப்ரவரி என்றால் தையும் மாசியும். தையும் மாசியும் என்றால்? அந்த அம்மையார் மலைமேலே, களத்திலே! கேட்கும் கேள்வியோ கடந்த ஓராண்டு முழுவதும் என்ன வேலை செய்தாய் என்பது. விடை சொல்லப்போவது வீட்டிலே இருக்கும் பையன். அவன் என்ன சொல்வான் என்பதை நாம் முன்பே கேட்டுவிட்டோம்.

இங்கே வந்திருக்கும் தோழர்கள் பலருக்குக் கொடி கட்டத் தெரியும், சுவரொட்டி ஒட்டத் தெரியும், வாக்காளர் பட்டியலிலே விடுபட்ட பெயரைத் தேடிச் சேர்க்கத் தெரியும். அந்தக் கடைசி வித்தையில் நம்மை மிஞ்ச ஆளில்லை! ஒரு பெயர் விடுபட்டால் இரவு தூங்காதவர்கள் நாம். அதே கண்ணோடு ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்வி கேளுங்கள். சென்ற பங்குனியிலிருந்து இந்த மாசி வரை, மாதம் மாதமாக, இந்த வீட்டுப் பெண்கள் எங்கெங்கே வேலைக்குப் போனார்கள்? மாடு கறப்பது யார்? கொலுசுக்கு மணி கோப்பதோ, தறிக்கு நூல் சுற்றுவதோ, இட்லி விற்பதோ, வீட்டிலிருந்து செய்யும் தொழில் உண்டா? விடையை ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணின் கையிலே கொடுங்கள். கணக்கெடுப்பவர் வரும்போது தாள் பேசும். பொய் ஒரு வரியும் வேண்டாம். மெய்யைக் கூட்டினாலே போதும். மலை அளவு வரும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று ஒருவர் கேட்கலாம். கேட்டும்விட்டார்கள். என் நாடகமொன்றை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அதிலே தொழிலாளி வருகிறான். வாட்டசாட்டமான ஆண், தோளிலே சம்மட்டி, முழங்கும் வசனம், கைதட்டல் விண்ணைப் பிளக்கும். அவன் மனைவி வருகிறாள், கண்ணீர் வடிக்கிறாள், கஞ்சி ஊற்றுகிறாள், போகிறாள். அந்த நாடகத்தைத் தேநீர்க் கடையில் நின்ற பெண்களிலே ஒருவர் பார்த்திருந்தார். "நாடகம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா அந்தப் பொம்பள என்ன வேலைக்குப் போறான்னு நீங்க சொல்லவேயில்லயே?" என்று கேட்டார். ஆறு காட்சி எழுதியிருக்கிறேன், தோழர்களே. அவள் என்ன வேலைக்குப் போகிறாள் என்று எனக்கே தெரியாது! கணக்கெடுப்பவர் கதவைத் தட்டிக் கேட்டாவது எழுதினார். நான் கேட்காமலே எழுதினேன். நாடகத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்தமுறை மேடையேறும்போது சம்மட்டிக்கு எதிரே சிறு சுத்தியும் இருக்கும்.

மூத்த அம்மையாரிடம் விடைபெறும்போது, இந்தத் தாள் யோசனையைக் கூறினேன். கேட்டுவிட்டு, "நான் மேல இருப்பேனே, கண்ணு. தாளை யாருகிட்ட குடுத்து வெக்கறது? மருமவகிட்ட குடுத்தா அவளுதையும் எழுதோணும்" என்றார். அப்போது பக்கத்திலே நின்ற உங்கள் கிளைச் செயலாளர் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். தேநீர்க் கடைப் பலகையிலே வைத்து எழுதத் தொடங்கினார். காப்பி, களம், செங்கல், குழி, களை, மண். நான்கு பெண்களுக்கு எழுதி முடித்தார். ஐந்தாமவர் மாதத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. "சாயங்காலம் எறங்கும்போது மிச்சத்தச் சொல்றேன்" என்று கூவிக்கொண்டே ஏறினார். அன்று மாலை ஏழு மணிக்கு அந்தப் பலகையருகே நாங்கள் இருவரும் மீண்டும் நின்றோம். முதல் வண்டி இறங்கும்போதே ஜன்னல் வழியாக ஒரு குரல்: "ஆவணில களைன்னு எழுதினீங்களா? அது தப்பு. ஆவணில நான் கடலை ஆஞ்சேன்!"